தொப்பிக்குள்ளே இருந்தது யார்?

அத்தியாயம் 14

எட்டு என்றால் எட்டுதான். எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் அது மூன்றாக மாறுவதாகத் தெரியவில்லை.

மருமகள் பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து, நெகட்டிவின் மேல் மறுபடியும் வைத்தாள். அடியில் வெளிச்சப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. நெகட்டிவ் அல்லவா? வெள்ளைச் சட்டை ஆட்டக்காரர்கள் எல்லாரும் கரியைப் பூசிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், மைதானத்தின் எதிர்க் கோடியில், ஸ்கோர் பலகை. விழுந்த விக்கெட், எட்டு.

பூதக்கண்ணாடியை நகர்த்தி இன்னொரு தடவை பார்த்தாள்.

பத்திரிகை அலுவலகத்தின் போட்டோ லைப்ரரியில் அவளுக்கு வேலை. பழைய படங்களில் இருக்கிறவர்கள் யார் யார் என்று துப்புத் துலக்கி, அடியில் பெயர் போட வேண்டும். கிரிக்கெட் படமாக இருந்துவிட்டால் அவளுக்குக் கவலையே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் மாமனாரிடம் காட்டினால் போதும்.

மாமனார் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இப்போது கடை மகன் கையில். இளவயதில் கிளப் அணிக்கு ஆடியவர். முகமே அழிந்துபோன படத்தைக் கொடுத்தாலும், "மட்டையைப் பிடிச்சிருக்கிறதைப் பாரு, ஒட்டடை அடிக்கப் போற மாதிரி. இது நம்ம தபால்காரர்தான்" என்று சொல்லிவிடுவார். ஒருவர் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார், ஒருவர் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு மூடுவார், ஒருவர் எப்போதும் இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த கிளப்தான் இப்போது தன் பெவிலியன் சுவரில் பழைய ஆட்டக்காரர்களின் படங்களை மாட்டப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. படங்கள் பத்திரிகை கொடுத்தவை. பெயர் சொல்லும் பொறுப்பு மாமனாருக்கு. நடுச் சுவரில், ஆள் உயரத்துக்கு, மாமனாரின் படமே வரப்போகிறது.

அந்தப் படத்தைத் தெரியாதவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அந்தரத்தில் பறக்கிறார். நமக்கு முதுகுதான் தெரிகிறது. நீட்டிய இடது கையின் நுனியில் பந்து. தலையில் தொப்பி, தொப்பியின் ஓரக் கிழிசலில் வெள்ளை நூல் தையல். அடுத்த நாள் பத்திரிகையில் மாமனாரின் பெயரோடு அது வெளிவந்தது. அப்போது மாமியாருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். "இந்தப் படத்துல பறக்கிறவர்னா சரி" என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த அந்தப் படம் இன்றைக்கும் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

போன வாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது அதன் நெகட்டிவ் மருமகளின் கையில் அகப்பட்டது. பத்திரிகையில் வந்தது ஒரு கட்டம் மட்டும். நெகட்டிவில் மூன்று இருந்தன. தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, "மாமா முகமே தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம்.

இன்றைக்குக் காலையில்தான் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. மூன்றாவது கட்டத்தில் முகம் தெரிகிறது. மாமனாரின் முகம் இல்லை.

இளவயதில் எல்லாருக்கும் முகம் வேறு மாதிரிதான் இருக்கும் என்று முதலில் தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். பிறகுதான் பலகை கண்ணில் பட்டது. அந்த கேட்சைப் பற்றி மாமனார் சொல்லும்போதெல்லாம், "மூணாவது விக்கெட், சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி, சூரியன் உச்சந்தலையில" என்றுதான் ஆரம்பிப்பார். படத்தில் நிழல்கள் ஆளை விட நீளமாகப் படுத்திருந்தன. மாலை வெயில். பத்திரிகையில் அச்சிட்டபோது நிழலையும் பலகையையும் வெட்டி எறிந்துவிட்டு, பறக்கிற ஆளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

"கடைசி வரியைப் படிங்க" என்றான் கணவன்.

"என்னது?"

"உன்னை இல்லை. இங்க ஒருத்தருக்குக் கண் பார்த்துட்டிருக்கேன். சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகத் தப்புத் தப்பாகப் படிப்பது மட்டும் கேட்டது.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்றான் கணவன்.

"கிளப் சுவர்ல பெயர் எழுதறவர் இன்னிக்கு வர்றாராம். சாயங்காலத்துக்குள்ள எழுதிடுவாங்க."

"அப்போ அப்பாகிட்ட சொல்லு. அம்மாகிட்ட சொல்லாதே."

"நல்லா சொன்னீங்க போங்க. அப்பாகிட்ட சொன்னா அம்மாகிட்ட சொன்ன மாதிரிதானே?"

"அதுவும் சரிதான்." பிறகுதான் கேட்டான். "யாராம் அது?"

அந்தக் கேள்விதான் காலையிலிருந்து அவளையும் குடைந்துகொண்டிருந்தது. மாமனார் இல்லை, சரி. மாமனாரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பறந்தவர் யார்?

* * *

பெவிலியனுக்குள் பெயின்ட் வாசனை. நீளமான மேஜை முழுக்கப் படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். மடித்துவிட்ட சட்டைக் கை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. சீட்டு விளையாடுகிறவர் மாதிரி ஒவ்வொரு படமாகத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா வா. இதைப் பாரும்மா" என்றார். "இதுக்கு அடியில எங்க அப்பா காலத்து டீம்னு எழுதியிருக்காங்க. கையுறையைப் பாரு. விரல் முழுக்க ரப்பர் முள்ளு முள்ளா இருக்கா? அது எங்க காலம். அப்பா காலத்துல வெறும் பஞ்சுப் பொதி. இவங்க மீசையைப் பார்த்து ஏமாந்துட்டாங்க. மீசையை யாரு வேணா வைக்கலாம். கையுறை பொய் சொல்லாது."

அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அலுவலகத்திலேயே மூன்றாவது கட்டத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தோளுக்கு மேலே உள்ள பகுதியைப் பின்பக்கமாக மடித்திருந்தாள். மாமா, இது நீங்க இல்லை என்று நேருக்கு நேர் சொல்ல வாய் வரவில்லை. மற்ற படங்களுக்கு நடுவே அதையும் வைத்தாள். வைத்த மறுகணமே, செய்தது சரியில்லை, எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"இது யாரு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார் மாமனார். கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். "இடதுகைக்காரன். பந்தை மேல தூக்கிப் போட்டிருக்கணும், இடது தோள் இன்னும் கீழ வரலை. முழங்கால் கொஞ்சம் உள்ளே வளையுது. நல்ல ஓட்டக்காரன்மா இவன். ஆனா காலைப் பாரு, சாதா கான்வாஸ் ஷூ."

"உங்க டீம்ல யாராவதா இருக்குமா, மாமா?"

"கான்வாஸ் போட்டு இறங்கினா எங்க கேப்டன் தோலை உரிச்சிடுவார். எங்க ஆளே இல்லை."

"நிச்சயமா?"

"அடிச்சுச் சொல்றேன். இவன் கூட நான் ஒரு நாள்கூட ஆடினதில்லை. ஆடியிருந்தா இந்த முழங்காலை மறப்பேனா?" என்று சொல்லிக்கொண்டே படத்தைத் திருப்பினார். "ஏன் மடிச்சிருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் மடிப்பைப் பிரித்துவிட்டார்.

முதலில் தொப்பியைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் அந்த வெள்ளைத் தையலைத் தடவினார். பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தொப்பியை.

"என் தொப்பி" என்றார்.

"ஆமா, மாமா."

"நான் தைச்ச தையல். நூல் பத்தாம இந்த ஓரத்துல முடிச்சைப் போட்டேன்." குரல் இறங்கிப்போயிருந்தது. "இது எந்த மேட்ச்?"

"அதே மேட்ச்தான். அதே கேட்ச். நம்ம வீட்டுல மாட்டியிருக்கே, அதுக்கு அடுத்த கட்டம். பின்னாடி பலகையைப் பாருங்க."

பார்த்தார். நீளமான நிழல்களையும் பார்த்தார். அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களின் படத்தை எப்படிப் படிப்பாரோ, அதே மாதிரி தன்னுடையதையும் ஓரத்திலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் படித்தார்.

"நான் பிடிச்சது மூணாவது விக்கெட்" என்றார். "அது சத்தியம்மா. நான் கதை விடலை."

"எனக்குத் தெரியும், மாமா."

"சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. உள்ளே பெஞ்சுல காலை நீட்டிப் படுத்திருந்தேன், ஐஸ் கட்டி வெச்சு. எங்க பன்னிரண்டாவது ஆள் அன்னிக்கு வரலை. வேடிக்கை பார்க்க வந்த யாரையோ இறக்கிவிட்டாங்க. வெயில் கண்ணுல அடிக்குதுன்னு ஒரு தொப்பி கேட்டாங்க. படுத்த வாக்குல கழட்டிக் கொடுத்தேன்." தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "வாங்கின கை ஞாபகம் இருக்கு. மூஞ்சியை நிமிர்ந்து பார்க்கலை. அப்புறம் வெளியில ஒரே கூச்சல். பதிலாள் ஒரு கேட்ச் பிடிச்சான்னு சொன்னாங்க. மறுநாள் பேப்பரைப் பார்த்தேன். என் பேர், என் தொப்பி. என் கேட்ச்னே நினைச்சுட்டேன். ஏன் நினைக்க மாட்டேன்? அன்னிக்கு நானும்தான் பறந்தேன்!"

"இதை எடுத்தவர் பக்கம் தப்பு இல்லை, மாமா. தொப்பியைப் பார்த்துப் பேர் போட்டிருப்பாங்க."

"அப்போ என் கேட்ச் படம் எங்கே?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. "பெட்டி முழுக்கத் தேடிட்டேன்" என்றாள் மெதுவாக. "அதை யாரும் எடுக்கலை, மாமா."

மாமனார் தலையை ஆட்டினார். மேஜையில் கிடந்த மற்ற படங்களை ஒழுங்குபடுத்தினார். ஒழுங்காக இருந்ததையே மறுபடியும் ஒழுங்குபடுத்தினார்.

அந்த நேரம் பார்த்து கிளப் செயலாளர் வந்து சேர்ந்தார். எந்த வேலையையும் நின்றபடியே முடித்துவிடுகிற மனிதர்.

"சார், பேர் எழுதறவர் ஏணியில ஏறி நிக்கிறார். உங்க பேர்லேருந்தே ஆரம்பிக்கச் சொல்லட்டுமா?"

மாமனார் படத்தை நீட்டினார். விஷயத்தைச் சொன்னார். செயலாளர் கேட்டார், மேஜையைப் பார்த்தார், அரைகுறையாக மாட்டிய சுவரைப் பார்த்தார்.

"நீங்க அந்த மேட்ச்ல கேட்ச் பிடிச்சீங்களா இல்லையா, சார்?"

"பிடிச்சேன்."

"தொப்பி உங்களுதா இல்லையா?"

"என்னுதுதான்."

"அப்புறம் என்ன சார்? பெரிய படத்துல முகமே தெரியாது. அழைப்பிதழ் எல்லாம் போயாச்சு. இந்தக் கான்வாஸ் ஷூ ஆளா நாளைக்கு வந்து கேக்கப் போறார்?"

மருமகள் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் சொல்லவில்லை. ஏணியில் நின்றவர் தூரிகையைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த பேரை முதல்ல எழுதச் சொல்லுங்க" என்றார் மாமனார் கடைசியில். "என்னுதை வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

* * *

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. படத்தை மடிமேல் வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது நழுவியது. அவரும் ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்தப் பந்து வர்றது தெரியும்மா" என்றார் திடீரென்று. "மட்டையில பட்ட சத்தம், பின்னாடியே ஓடினது, கண்ணுல வெயில். எல்லாம் என்னுதுதான். ஆனா பறக்கிறதை நினைச்சா எனக்கு என் முதுகுதான் தெரியுது. சொந்த முதுகு யாருக்காவது ஞாபகம் இருக்குமா? இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அது உள்ளே ஏறியிருக்கு."

அவள் நழுவும் படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளும் மறுநாள் பேப்பரை வாங்கியிருப்பான்ல?"

"வாங்கியிருப்பார்."

"வாங்கி, தன் படத்துக்கு அடியில என் பேரைப் படிச்சிருப்பான்." மாமனார் படத்தைத் தூக்கி, அந்த அரை முகத்தை உற்றுப் பார்த்தார். "அவன் வீட்டுலயும் ஒரு கூடம் இருக்கும். அங்க ஒரு சுவர் இருக்கும்."

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் செல்போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டுவிட்டார்.

"என் பேர் வேண்டாம். பதிலாள்னு எழுதுங்க. பேர் தேடிட்டிருக்கோம்னு அதுக்கு அடியில எழுதுங்க. ... ஆமா, படம் அங்கேயே இருக்கட்டும், அதே அளவுல. நல்ல கேட்ச்தானே அது? ... இல்லை, நான் வருவேன், திறந்து வைப்பேன். ஆனா என்னை அந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்க வெக்காதீங்க. ... எனக்கு வருத்தம் இருக்கு, ஏன் இருக்காது? அதுக்காக?"

போனை வைத்துவிட்டு, கழுத்தைச் சுற்றியிருந்த சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "அவ்வளவுதான். அம்பயர் விரலைத் தூக்கறதுக்கு முன்னாடி நானே அவுட்னு நடந்துட்டேன்" என்றார். பிறகு அவர் முகம் மறுபடியும் மாறியது. "இன்னொரு அம்பயர் வீட்டுல இருக்கா. அவகிட்ட நானே சொல்றேன். நீ குறுக்கே பேசாதே. நான் தடுமாறினாலும் பேசாதே."

* * *

மாமியார் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் மேலே சுவரில் அந்தப் படம்.

"கோட்டு ரொம்ப நல்லா வந்திருக்கே" என்றார் மாமனார்.

மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கல்யாணமான நாளா நான் இஸ்திரி போட்டதை நீங்க பாராட்டினதில்லை. என்ன ஆச்சு? படத்தைச் சின்னதாக்கிட்டாங்களா?"

"சின்னதாக்கலை."

"பின்னே?"

மாமனார் தடுமாறத்தான் செய்தார். கையுறையில் ஆரம்பித்தார், கணுக்காலுக்குப் போனார், ஐஸ் கட்டிக்கு வந்தார். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றாள். கடைசியில் அவர் சுவரைக் காட்டி, "அது நான் இல்லை" என்றார்.

"எது?"

"அந்தப் படத்துல பறக்கிறது. நான் இல்லை. நான் வேற ஒண்ணு பிடிச்சேன், அதை யாரும் எடுக்கலை. இது என் தொப்பியைப் போட்டுட்டு வேற ஒருத்தர் பிடிச்சது. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மாமியார் சுவரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் யாரைப் பார்த்துச் சரின்னு சொன்னேன்?"

மாமனார் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"கேக்கறேன்ல? எங்க வீட்டுல எத்தனை பேர் வேண்டாம்னு சொன்னாங்க தெரியுமா? கண்ணாடிக் கடை எல்லாம் ஒரு பிழைப்பான்னு கேட்டாங்க. இந்தப் படத்தை நீட்டி, 'இப்படிப் பறக்கிறவர் பிழைச்சுக்குவார்'னு நான் வாதாடினேன்."

"பிழைச்சுக்கிட்டேனே" என்றார் மாமனார் பரிதாபமாக.

அதைக் கேட்டதும் மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம், பாத்திரத்தைத் தேவையில்லாமல் நகர்த்தும் சத்தம். மாமனார் கோட்டின் ஒரு கையை நீவிக்கொண்டு நின்றார். மருமகளுக்கு ஓடிப்போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. மாமனார் வேண்டாம் என்று தலையசைத்தார்.

மாமியார் திரும்பி வந்தபோது ஈரமான முகத்தில் படிக்கிற கண்ணாடி ஏறியிருந்தது.

"முகம் தெரியற படம் ஒண்ணு இருக்குன்னு போன வாரம் குதிச்சியே. எங்கே அது? குடு."

மருமகள் மூன்றாவது கட்டத்தை நீட்டினாள். மாமியார் ஜன்னல் பக்கமாகப் போய், வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கார்" என்றார்.

"இப்ப அதுவா முக்கியம்?" என்றார் மாமனார்.

"சும்மா இருங்க." படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் பக்கத்தில் கொண்டுவந்தார். "இந்தத் தாடையில ஒரு வெட்டு மாதிரி இருக்கே. இது படத்துல கீறலா, முகத்துலயே இருக்கறதா?"

"முகத்துலதான், அத்தை. மத்த கட்டங்கள்லயும் கீறல் எதுவும் இல்லை. நெகட்டிவ் சுத்தமா இருக்கு."

"அப்போ எனக்கு இவரைத் தெரியும்."

"என்னது?" மாமனாரும் மருமகளும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஆள் யாருன்னு தெரியாது. முகம் தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்." மாமியார் அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு அடியிலிருந்து கல்யாண ஆல்பத்தை உருவினார். எந்தப் பக்கம் என்று தேடவே இல்லை. கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரித்து மேஜைமேல் வைத்தார். மண்டபத்துப் படிக்கட்டில் இரண்டு குடும்பமும் வரிசை வரிசையாக நின்ற படம்.

"பின் வரிசை, வலது ஓரம்" என்றார்.

மருமகள் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். ஓரத்தில் ஒரு ஒல்லியான மனிதர். மற்றவர்கள் எல்லாரும் விறைப்பாக நிற்க, அவர் மட்டும் ஒரு முழங்காலை உள்பக்கம் வளைத்துக்கொண்டு நின்றார். தாடையில் அதே வெட்டு.

மாமனாரும் குனிந்தார். இருவர் தலையும் இடித்துக்கொண்டன. "அவன்தான்" என்றார். "அந்த முழங்கால். ஐயோ, அவன்தான்! இவர் உன் பக்கத்துச் சொந்தம்னுல நினைச்சிட்டிருந்தேன்!"

"நான் உங்க பக்கத்துச் சொந்தம்னு நினைச்சேன். ஓரத்துல வந்து நின்னுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரே, என்ன மாதிரி ஆளுங்கன்னு உங்க வீட்டாரைக்கூட மனசுக்குள்ள திட்டியிருக்கேன்."

"நீங்க கூப்பிடலையா, மாமா?"

"பேரே தெரியாதவனை எப்படிம்மா கூப்பிடுவேன்?"

அப்படியானால் இவரைக் கல்யாணத்துக்கு அழைத்தது யார்? மூன்று பேரும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகள் பூதக்கண்ணாடியை அந்த மனிதரின் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறக்கினாள். தோள், சட்டைப் பை, தொங்கவிட்ட கை. அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். தெரியாதவர் கையைப் பிடித்திருக்கிற பிடி இல்லை அது. சிறுமி அண்ணாந்து அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்தப் பொண்ணு யாரு?"

மாமியார் குனியவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"என் தங்கச்சி" என்றார்.

மாமனார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. எதற்காக என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு காரணம் சொல்வார்கள். மருமகள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை யாரும் கூடத்தில் உச்சரித்ததில்லை. தங்கையின் போன் எண்கூட மகனிடம்தான் இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு அவன்தான் பேசுவான்.

"வேணும்னா அவரை விட்டுக் கேக்கச் சொல்லவா, அத்தை?" என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கடையிலதான் இருப்பார்."

"அவனுக்கு என்ன கேக்கத் தெரியும்? நாலு வார்த்தை கேட்டுட்டு வெச்சிடுவான்." மாமியார் கையை நீட்டினார். "எண்ணை வாங்கி, போட்டுக் குடு."

கணவனிடமிருந்து எண் வந்தது. கூடவே, 'அம்மாவா கேட்டாங்க?' என்று ஒரு கேள்வியும் வந்தது. மருமகள் அதற்குப் பதில் போடவில்லை. எண்ணை அழுத்தி, போனை மாமியாரிடம் கொடுத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் ஒரு கையால் ஆல்பத்தின் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தார், காற்றில் புரண்டுவிடப் போகிறது என்பது மாதிரி. மின்விசிறி ஓடவே இல்லை.

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். "ஹலோ, யாரு?" என்ற குரல் வெளியே வரைக்கும் கேட்டது. மாமியாரின் குரல் மாதிரியே இருந்தது, கொஞ்சம் இளமையாக.

மாமியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மாமனாரைப் பார்த்தார்.

"யாரு பேசறது?" என்று மறுபடியும் கேட்டது குரல்.

"நான்தான்" என்றார் மாமியார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வெச்சிடாதே."